எண்பத்து மூன்றாம் ஆளின் இரண்டாவது தாள்

சுகுமாரனுக்கு அந்த வேலை கிடைத்ததே அவருடைய மலாய் மொழியால்தான். சுங்கை பாக்காப் பக்கத்தில் ஓர் அரசாங்க கிளினிக்கில் முப்பத்தொரு வருஷம் மருத்துவ உதவியாளராக இருந்தவர். தோட்டத்து ஆட்கள் இன்றைக்கும் அவரை டிரஸர் என்றுதான் கூப்பிடுவார்கள். கம்பம் என்னும் கிராமங்களில் இருக்கிற மலாய்க்காரர் எந்த நோவுக்கு என்ன வார்த்தை சொல்வார், எதைச் சொல்லக் கூச்சப்பட்டு வேறு எதையோ சொல்லி மழுப்புவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஓய்வு பெற்று எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார். "ஏங்க, எங்கயாச்சும் போய்ட்டு வாங்களேன்" என்று மனைவி குமுதாவே சொல்லத் தொடங்கிவிட்டாள். அந்தச் சமயத்தில்தான் கடலுக்கு அந்தப் பக்கம், பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு மருத்துவமனையின் சர்க்கரை வியாதிப் பிரிவில் டாக்டர் ரோஹானா என்பவர் ஆள் தேடுவதாகச் செய்தி வந்தது.

சர்க்கரை வியாதி முற்றிய ஆண்கள் பலருக்குப் படுக்கையில் இயலாமல் போய்விடும். டாக்டரிடம் யாரும் அதைச் சொல்வதில்லை. வாயால் சொல்லக் கூசுகிறவர்களுக்காக இங்கிலீஷில் பதினைந்து கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மார்க். அதை மலாயில் பெயர்க்க வேண்டும். பெயர்த்த தாள் சரியாக அளக்கிறது என்று நிரூபிக்கவும் வேண்டும். டாக்டர் ரோஹானா எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி அதுதான்.

இரண்டு பேர் தனித்தனியாக மலாயில் பெயர்த்தார்கள். வேறு இரண்டு பேர், மூலத்தைப் பார்க்காமல், அந்த மலாயை மறுபடி இங்கிலீஷாக்கினார்கள். எங்கெங்கே இடிக்கிறது என்று பார்க்க ஆறு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆறாவது ஆளாக சுகுமாரன். முதல் கேள்வியிலேயே வண்டி நின்றுவிட்டது. விறைப்பு என்பதற்கு டாக்டர்கள் போட்டிருந்த வார்த்தை 'எரெக்சி'. பத்து நோயாளிகளிடம் அதைப் படித்துக் காட்டியபோது ஒருவர் அதை இன்ஜெக்சி என்று கேட்டுக்கொண்டு, "ஊசியா? காலையிலேயே போட்டாச்சே" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

"டாக்டர், இதுக்கு ஜனங்ககிட்ட ஒரு வார்த்தை இருக்கு" என்றார் சுகுமாரன். "தெனாகா பாத்தின்."

தெனாகா என்றால் சக்தி. பாத்தின் என்றால் உள்ளே இருப்பது. ஆண்மையை மலாய்க்காரர்கள் மரியாதையாக மறைத்துச் சொல்லும் சொல். மேஜையின் மறுகோடியில் இருந்த மொழித்துறைப் பேராசிரியர் முகம் சுளித்தார். "அது விளம்பர வார்த்தை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கிற லேகியப் பொட்டலத்தில்தான் இருக்கும்."

"விளம்பரக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு, நமக்குத்தான் தெரியல" என்றார் சுகுமாரன்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். டாக்டர் ரோஹானா அந்த வார்த்தையைச் சிவப்பு மையால் எழுதிக் கட்டம் போட்டார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், "நான் சொன்ன வார்த்தைதான் நின்னுச்சு" என்று குமுதாவிடம் சொன்னார் சுகுமாரன். என்ன வார்த்தை என்று அவள் கேட்டாள். "அது டாக்டருங்க விஷயம்" என்று சட்டையைக் கழற்றப் போய்விட்டார்.

பிறகு வேலை தொடங்கியது. பழைய சாமான்கள் வைத்திருந்த அறை ஒன்றைக் காலி செய்து, ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போட்டுக் கொடுத்தார்கள். நூற்றைம்பது ஆண்களைக் கேட்க வேண்டும். படிக்கத் தெரிந்தவர்களும் சுகுமாரனையே படிக்கச் சொன்னார்கள். அவர் குரலைக் கேட்டால் ஏனோ பதில் சொல்ல முடிந்தது. நூற்றைம்பதில் ஐம்பது பேரை மட்டும் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். இன்றைக்கு ஒரு நீளமும் நாளைக்கு ஒரு நீளமும் காட்டினால் அது அளவுகோல் இல்லை அல்லவா? அந்த ஐம்பது பேருக்கும் இரண்டாவது தாள் ஒன்றை உறையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பதினான்காம் நாள் அதை நிரப்பி எடுத்து வர வேண்டும். வராவிட்டால் சுகுமாரன் போன் செய்து கேட்பார்.

எண்பத்து மூன்றாம் ஆள் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். பெயர் முஸ்தஃபா, வயது ஐம்பத்தெட்டு. டத்தோ கிராமாட் சாலைக்குப் பின்னால் கார் சீட்டுகளுக்கு உறை தைக்கும் சிறிய கடை வைத்திருந்தார். தடித்த ஊசியும் ரெக்சினும் பிடித்துப் பிடித்து விரல் நுனிகள் காய்த்துக் கிடந்தன. பினாங்கு மலாய்க்காரர்களின் வழக்கப்படி சுகுமாரனை அண்ணே என்று கூப்பிட்டார். அதற்கு மேல் அவருக்குத் தமிழ் தெரியாது. மற்றதெல்லாம் மலாய்தான். சுகுமாரன் அவரை மலாயில் அண்ணன் என்று பொருள்படும் அபாங் என்று கூப்பிட்டார்.

தாளின் தலைப்பில் வேறு வியாதிகள் என்று ஒரு கட்டம் இருந்தது. இதயம் என்பதில் சுகுமாரன் கோடு போட்டார். நெஞ்சு அடைத்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரை கொடுத்திருப்பதாக முஸ்தஃபா சொன்னார். சட்டைப் பையிலிருந்த சிறு பாட்டிலை எடுத்துக் காட்டவும் செய்தார்.

"முதல் கேள்வி, அபாங். போன நாலு வாரத்தில உங்க தெனாகா பாத்தின் மேல உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்துச்சு?"

"நாலு போடுங்க."

இரண்டாவதுக்கு ஐந்து. மூன்றாவதுக்கு ஐந்து. கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. எட்டாவது கேள்வியைப் படித்துவிட்டு சுகுமாரன் நிமிர்ந்து பார்த்தபோது முஸ்தஃபா மேஜை விளிம்பை நகத்தால் கீறிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அழிக்கலாமா?"

"எதை?"

"எல்லாத்தையும்."

சுகுமாரன் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு புதுத் தாள் ஒன்றை எடுத்தார். இந்தத் தடவை பதில்கள் மெதுவாக வந்தன. ஒன்று. ஒன்று. பூஜ்யம். ஒன்றரை வருஷமாக இப்படித்தான் என்றார். தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டாராம். முதுகு வலி, தரையில் படுத்தால் தேவலை என்று மனைவியிடம் சொல்லியிருந்தார்.

"நெசத்தைச் சொல்லலியா?"

"என்னன்னு சொல்றது? கிட்டப் போனா அவ எதிர்பார்ப்பா. போகாம இருந்துட்டா எதிர்பார்க்க மாட்டால்ல."

பதினைந்தும் முடிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தவர் உடனே போகவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, நீங்க முதல்ல கேட்டீங்களே, தெனாகா பாத்தின். எங்க கடைப் பக்கத்துல ஒருத்தர் குடிக்கிற காப்பிப் பொட்டலத்துலயும் அதேதான் எழுதியிருக்கு. இங்க ஆஸ்பத்திரித் தாளிலயும் அதே வார்த்தை இருக்கு. அப்ப அது நல்லதுதானா?"

தாளைப் படிக்கிறவர் எந்த ஆலோசனையும் சொல்லக்கூடாது, எதைக் கேட்டாலும் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆனால் அந்தக் கணத்தில் சுகுமாரன் விதியை நினைக்கவில்லை. கதவுக் கண்ணாடி வழியாக வெளியே ஐந்து பேர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மணி பன்னிரண்டரை.

"டாக்டர்கிட்ட கேளுங்க அபாங்."

"அந்தப் பொண்ணுகிட்டயா? என் மக ஐனா வயசு இருக்கும்."

"அப்ப ரெண்டு வாரம் கழிச்சு வருவீங்கல்ல. அப்ப பேசுவோம்."

முஸ்தஃபா தலையாட்டினார். உறையை இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

பதினான்காம் நாள் அவர் வரவில்லை. சுகுமாரன் தன் ஹேண்ட்போனிலிருந்து கூப்பிட்டார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுநாளும் கூப்பிட்டார். அந்த வாரத்தில் மொத்தம் ஐந்து தடவை. அவரைப் போல இன்னும் ஐந்து பேர் வராமல் இருந்தார்கள். ஒருவர் சாபாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஒருவர், "இனிமே இந்தப் பேச்சுக்குக் கூப்பிடாதீங்க" என்று போனை வைத்துவிட்டார். மாதக் கடைசிக்குள் புள்ளிவிவரக் கணக்குப் போடுகிறவரிடம் எண்களை அனுப்ப வேண்டும் என்று டாக்டர் ரோஹானா இரண்டு தடவை நினைவூட்டினார். குறை சொல்லவில்லை. ஐம்பதுக்கு நாற்பத்து நான்கு இருந்தால் ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் கேள்வி கேட்பார்கள் என்று மட்டும் சொன்னார்.

கடைசி நாளுக்கு முந்தின மத்தியானம் சுகுமாரன் அந்த அறையின் கதவைச் சாத்திக்கொண்டு ஆறு தாள்களையும் தானே நிரப்பினார். முதல் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒன்று இருந்த இடத்தில் இரண்டு, இரண்டு இருந்த இடத்தில் இரண்டே என்று லேசாக மாற்றி மாற்றிப் போட்டார். முப்பத்தொரு வருஷத்தில் போடாத ஊசியைப் போட்டதாகவோ கொடுக்காத மாத்திரையைக் கொடுத்ததாகவோ அவர் ஒரு நாளும் எழுதியதில்லை. இது மருந்து இல்லையே, வெறும் கேள்விதானே என்று நினைத்துக்கொண்டார். எண்பத்து மூன்றுக்கு வந்தபோது முதல் கேள்விக்கு இரண்டு போட்டார். அந்த ஆள் கொஞ்சம் தேறியிருக்கட்டும் என்று ஏனோ தோன்றியது. பதினான்காம் நாளின் தேதியையும் எழுதினார்.

மூன்று வாரம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை காலையில் அவருடைய போன் அடித்தது. திரையில் 83 முஸ்தஃபா என்று வந்தது.

"அபாங், எங்க போய்ட்டீங்க இத்தனை நாளா?" என்று மலாயில் கேட்டார்.

மறுமுனையில் ஒரு பெண் குரல், "நீங்க ஆம்பளையா?" என்றது.

"ஆமா. நீங்க?"

"அவரோட மனைவி. சலேஹா. இந்த நம்பர்லேர்ந்து அஞ்சு தடவை கூப்பிட்டிருக்கு. நீங்க யாரு?"

ஆஸ்பத்திரி என்றதும் அந்தப் பெண் பெருமூச்சு விட்டது கேட்டது. மறுநாள் வருவதாகச் சொன்னார். முஸ்தஃபா எங்கே என்று சுகுமாரன் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு சலேஹா வந்தார். தலையில் வெள்ளைத் துடோங் துணி போட்ட ஒல்லியான பெண்மணி. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதிலிருந்து மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். கடைசியாக அந்தச் சிறு பாட்டில்.

"இத்தாவில் இருக்கேன். புருஷன் இறந்தவ நாலு மாசம் பத்து நாள் வெளியே வரக்கூடாது. மருந்தைத் திருப்பிக் கொடுக்கணும்னு அக்காகிட்ட சொல்லிட்டு வந்தேன்."

"எப்ப, காக்?" மலாய்க்காரப் பெண்களை அவர் அப்படித்தான் அக்கா முறை வைத்துக் கூப்பிடுவார்.

சலேஹா தேதியைச் சொன்னார். சனிக்கிழமை மத்தியானம், கடையில், மிஷின்மேல் கவிழ்ந்து கிடந்தாராம். பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிட்டு ஓடிவந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் இதயம் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலையில் அடக்கம்.

சுகுமாரன் மனத்துக்குள் நாள் எண்ணினார். பதினோராம் நாள். அவர் தாளில் எழுதிய தேதிக்கு மூன்று நாள் முன்னால். இறந்த மனிதருக்கு அவர் இரண்டு மார்க் போட்டிருந்தார்.

"போனை நான் அணைக்கவே இல்ல" என்றார் சலேஹா. "யாரு கூப்பிடுறான்னு பார்க்கணும்னு வச்சிருந்தேன். அடக்கம் முடிஞ்சு ரெண்டாம் நாள் உங்க நம்பர் வந்துச்சு. அடுத்த நாளும். இவ்வளவு அக்கறையாக் கூப்பிடுறவ யாருன்னு நினைச்சேன்."

"கூப்பிடுறவளா?"

"ஒன்றரை வருஷம் என் பக்கத்துல படுக்காத மனுஷன். நான் வேற என்னன்னு நினைப்பேன்?"

பையிலிருந்து கடைசியாக அந்த உறையை எடுத்தார். மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் கிடந்ததாம். இரண்டாவது தாள். பதினான்காம் நாள் வரைக்கும் காத்திருக்க முடியாமல் முஸ்தஃபா முன்னாலேயே எழுத ஆரம்பித்திருந்தார். ஒன்பது கேள்விகள் வரை இருந்தது. சீட்டு உறையில் அளவு குறிக்கும் நீலப் பென்சிலால், பெரிய பெரிய எழுத்தில், பதில் போட்டிருந்தார். முதல் கேள்வியின் பக்கத்தில் ஓரமாக எழுதியிருந்தது: 'காப்பி வாங்கியாச்சு. அடுத்த வாரம் தெரியும்.' ஒன்பதாவது கேள்வி திருப்தியைப் பற்றியது. அதற்கு மார்க் போடவில்லை. 'மனைவிமேல் குற்றம் இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தார்.

"இதைப் படிச்ச பிறகுதான் உங்களுக்குப் போன் பண்ணினேன்" என்றார் சலேஹா. "கடையில ஒரு பெட்டி இருந்துச்சு. பத்துப் பொட்டலம். ரெண்டு குறையுது. அண்ணே, நீங்க படிச்சவர். சொல்லுங்க. அந்தக் காப்பிதானா?"

சுகுமாரன் அந்தச் சிறு பாட்டிலைப் பார்த்தார். இந்த மாதிரிக் காப்பிகள் சிலவற்றில் மூலிகை என்று சொல்லிக்கொண்டு ஆண்மை மாத்திரையை அரைத்துக் கலந்து விடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்த மருந்தும் நாக்குக்கு அடியில் வைக்கிற இந்த மருந்தும் ஓர் உடம்பில் சேரக்கூடாது. சேர்ந்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கிவிடும். அதையெல்லாம் சலேஹாவிடம் மெதுவாக, முழுவதும் சொன்னார். இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். பெட்டியைக் கொண்டுவந்தால் பரிசோதனைக்கு அனுப்பலாம்.

"பொட்டலத்துல அப்படி எதுவும் எழுதலியே."

"எழுத மாட்டாங்க காக்."

"அவருக்கு யாராவது சொல்லியிருக்கலாம்" என்றார் சலேஹா. யாரையும் குற்றம் சொல்லும் குரல் இல்லை அது.

சுகுமாரன் மாத்திரை அட்டைகளை மறுபடி பைக்குள் போடத் தொடங்கினார். மாத்திரைகளை மருந்தகத்தில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். சலேஹா நன்றி சொல்லி எழுந்து போனார். தாளை அவர் திருப்பிக் கேட்கவில்லை; மேஜைமேலேயே விட்டுவிட்டார்.

அன்றைக்கு மிச்சமிருந்தவர்களைக் கேட்க முடியவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு மூன்று மணிக்கு டாக்டர் ரோஹானாவின் அறைக்குப் போனார். ஆறு தாள்களையும், நீலப் பென்சில் தாளையும் அவர் முன்னால் வைத்தார். டாக்டர் முதலில் ஒன்றும் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆறு மட்டும்தானா, மிஸ்டர் சுகு?"

"ஆறுதான் டாக்டர்."

"நான் எப்படி நம்புறது?"

டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். மூன்று வருஷ வேலை என்றார். நெறிமுறைக் குழுவுக்கு எழுதியாக வேண்டும், நீங்கள் கேட்ட எல்லாரையும் போனில் கூப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அவர் கத்தியிருந்தால் தேவலை என்று சுகுமாரனுக்கு இருந்தது.

"டாக்டர், அந்த வார்த்தையை மாத்திடுங்க" என்றார்.

"எந்த வார்த்தை?"

"தெனாகா பாத்தின். அதை நம்ம தாளில பார்த்ததாலதான் அவர் காப்பியை நம்பினார். என்கிட்டயே கேட்டார். நான் பதில் சொல்லல."

டாக்டர் நீலப் பென்சில் தாளைக் கையில் எடுத்தார். மொழிபெயர்ப்புக் குழுவிடம் வைக்கிறேன் என்று மட்டும் சொன்னார். வைத்தாரா இல்லையா என்பது பின்னாளில் வேறொருவர் வழியாகத்தான் சுகுமாரனுக்குத் தெரிய வந்தது. வைத்தாராம். பேராசிரியர் எடுத்துவிடலாம் என்றாராம். ஆனால் பதினைந்து கேள்விகளில் அந்த முதல் கேள்விதான் எல்லாருக்கும் தடையில்லாமல் புரிந்தது, எண்களும் அதில்தான் நன்றாக நின்றன. மாற்றினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வார்த்தை அப்படியே இருந்தது. கடையில் அந்தப் பெயரில் விற்பதை டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம் என்று தாளின் அடியில் எச்சரிக்கையாக ஒரு வரி சேர்த்தார்கள்.

சுகுமாரனின் ஒப்பந்தம் அந்த வாரத்தோடு முடிந்தது. வீட்டில் குமுதாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்த வார்த்தையையும் சொன்னார். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா? அவர் உங்ககிட்ட கேட்டதை?"

"இல்ல."

"டாக்டர்கிட்ட சொன்னீங்க, என்கிட்ட சொல்றீங்க" என்றாள் குமுதா.

சனிக்கிழமை காலை பஸ் பிடித்து, ஃபெர்ரி ஏறி, மறுபடி பஸ் பிடித்து டத்தோ கிராமாட் பக்கம் போனார். கடை பூட்டியிருந்தது. பின்னால் இருந்த வரிசை வீடுகளில் விசாரித்தபோது காட்டிவிட்டார்கள். வாசலில் கம்பிக் கதவு சாத்தியிருந்தது. சலேஹா கதவைத் திறக்கவில்லை. இத்தா காலத்தில் வேற்று ஆணை உள்ளே விடமுடியாது. ஒரு நாற்காலியைக் கதவுக்கு அந்தப் பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே செருப்பு வைக்கிற பெஞ்சில் சுகுமாரன் உட்கார்ந்தார். உள்ளே சலேஹாவின் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

சுகுமாரன் சொன்னார். முதலில் ஏழு கேள்விக்குப் பொய் சொன்னதும், பிறகு அழிக்கச் சொன்னதும், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றதும், காப்பியைப் பற்றிக் கேட்டதும். தான் சொன்ன பதிலை அப்படியே சொன்னார். அவருக்கு இதயக் கோளாறு என்று தன் கையாலேயே எழுதியிருந்ததையும் சொன்னார். இறந்த பிறகு அவர் பெயரில் தாள் நிரப்பியதையும் விடவில்லை.

சலேஹா கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். தெருவில் ஒரு ரொட்டி விற்பவரின் மோட்டார் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று.

"எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும்?" என்று கேட்டார்.

"எது காக்?"

"அவருக்குப் பதில் சொல்ல."

"ரெண்டு நிமிஷம்."

சலேஹா தலையை மட்டும் அசைத்தார். "நீங்க இங்க வந்து இறக்கி வச்சிட்டீங்க அண்ணே. நான் எங்க போய் இறக்கி வைக்கிறது? அவர் ஹால்ல படுத்திருக்கும்போது தினமும் நான் என்ன பேசினேன்னு உங்களுக்குத் தெரியாது. கடைசி மூணு மாசம் சாப்பாட்டை மூடி வச்சிட்டுப் போயிடுவேன். எதிர்ல உட்கார மாட்டேன்."

சுகுமாரன் எழுந்து கொள்ளலாமா என்று யோசித்தார். சலேஹா கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"எனக்கு ஒரு வேலை செய்யணும் நீங்க. என் மகன் அஸ்லான் ஜொகூர்ல இருக்கான். அவன்கிட்ட நான்தான் சொன்னேன், உங்கப்பாவுக்கு வேற ஒருத்தி இருக்கான்னு. அவன் அப்பாகிட்டப் போன்ல சண்டை போட்டான். அப்புறம் பேசவே இல்ல. அடக்கத்துக்கு வந்தவன் குழியில மண் தள்ளிட்டு முகம் கழுவாமப் போயிட்டான். நாற்பதாம் நாள் தோவா ஓதுறதுக்கும் வரல."

"நீங்க சொல்லலாமே காக்."

"என் வாயால என் மகன்கிட்ட இதை எப்படிச் சொல்லுவேன்? இந்தப் பேச்சைப் பேசுறது உங்களுக்கு வேலை. நீங்க சொல்லுங்க."

நோயாளி சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. அந்த விதி இனிமேல் அவரை என்ன செய்துவிடும்? சலேஹா கம்பிக்கிடையே போனை நீட்டினார். முஸ்தஃபாவின் போன்தான்; மகனின் நம்பரை அவரே அழுத்தியிருந்தார். மணி இரண்டு தடவை அடிப்பதற்குள் எடுத்துவிட்டான். அப்பாவின் நம்பரிலிருந்து அழைப்பு வந்ததில் பையனின் குரல் உள்ளே போயிருந்தது.

சுகுமாரன் தான் யார் என்று சொன்னார். பிறகு ஆஸ்பத்திரி அறையில் பேசுகிற அதே நிதானமான குரலில் சொன்னார். அப்பாவுக்கு வேறு யாரும் இல்லை. சர்க்கரை வியாதியால் இப்படி ஆகும். ஒன்றரை வருஷமாக அவர் அதைத் தனியாக வைத்துக்கொண்டிருந்தார். உங்கள் அம்மாவுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரித் தாள் ஒன்றில் அவரே கைப்பட எழுதியிருக்கிறார். வெட்கப்பட்டுத்தான் தள்ளிப் படுத்தார். சரியாக்கிக்கொள்ளலாம் என்று ஒரு காப்பியை வாங்கினார். அது அவரைக் கொன்றிருக்கலாம். என்னிடம் கேட்டார், நான் தடுத்திருக்க வேண்டும்.

லாரிகள் போகிற சத்தம் அஸ்லான் பக்கத்திலிருந்து வந்தது.

"அவர் எழுதின தாள் இருக்குன்னு சொன்னீங்களா?" என்று கேட்டான் கடைசியில்.

"இருக்கு. ஆஸ்பத்திரியில."

"அதுல என்னைப் பத்தி ஏதாவது எழுதியிருக்காரா?"

சுகுமாரன் சலேஹாவைப் பார்த்தார். அவர் கம்பியில் நெற்றியை வைத்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. பொய் சொன்னால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆறு தாள் நிரப்பியவருக்கு ஒரு வரி நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

"இல்ல தம்பி" என்றார். "அதுல பிள்ளைங்களைப் பத்திக் கேள்வி கிடையாது."

அஸ்லான் சரி என்றான். இன்னொரு தடவையும் சரி என்றான். பிறகு இணைப்பு அறுந்தது. அவன் வைத்தானா, சிக்னல் போயிற்றா தெரியவில்லை. சுகுமாரன் மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார். எடுக்கவில்லை.

போனைக் கம்பி வழியே கொடுத்தார். சலேஹா வாங்கிக்கொண்டார். "என்ன சொன்னான்?" என்று கேட்கவில்லை. அக்கா உள்ளேயிருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினார். சுகுமாரன் நின்றபடியே குடித்தார். தாளை வாங்கிக் கொண்டுவந்து கொடுக்க முயற்சி செய்வதாகச் சொன்னார். டாக்டர் ரோஹானாவுக்குக் கடிதம் எழுதுவேன், கொடுப்பாரா என்று தெரியாது என்றார்.

"கொடுத்தா தபால்ல அனுப்பிடுங்க" என்றார் சலேஹா. "நீங்க வரவேணாம்."

சுகுமாரன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். பஸ் நிறுத்தத்தில் ஒரு மலாய்க் கிழவர் பக்கத்தில் நகர்ந்து இடம் கொடுத்து, எங்கே போகணும் அண்ணே என்று கேட்டார். ஃபெர்ரிக்கு என்றார் சுகுமாரன்.